வரைபட நிரலை வேறு மொழிக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணித வரைபடம் வரையும் பழைய ஸ்கிரிப்டை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கான பக்கம் இது. அதிகம் நடப்பது மேட்லாபிலிருந்து பைத்தானுக்கு (கணக்கிட நம்பை, வரைய மேட்பிளாட்லிப் என்ற லைப்ரரிகள்) என்பதால் பேச்சு பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும். ஆர், மேத்தமேட்டிகா, க்னூபிளாட், எக்செல் எல்லாம் இடையிடையே வரும். கட்டளைப் பெயர்களை வாசிக்கத் தோதாக உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். நிரலில் வழக்கமான ரோமன் எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? முதல் வரியிலிருந்து வரிசையாக மாற்றிக்கொண்டே போகலாமா?

வேண்டாம். எந்த வரைபட நிரலிலும் எண்களைக் கணக்கிடும் பகுதி ஒன்று, அவற்றை வரையும் பகுதி ஒன்று என இரண்டு உண்டு. பழைய ஸ்கிரிப்டுகளில் இவை பின்னிக் கிடக்கும். மொழியை மாற்றும் முன், பழைய மொழியிலேயே இவற்றைப் பிரித்து வையுங்கள். பிறகு வரையும் கட்டளைக்குள் போகும் ஒவ்வொரு அரேயையும் (எண்களின் தொகுப்பு) கோப்பாகச் சேமியுங்கள். அந்தக் கோப்புதான் உங்கள் விடைத்தாள்.

இப்போது புதிய மொழியில் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் செய்யலாம். பழைய எண்களை அப்படியே படித்து வரைந்து பாருங்கள்: படம் கோணலாக வந்தால் குற்றம் வரையும் பகுதியில். புதிதாகக் கணக்கிட்ட எண்களைப் பழைய எண்களோடு ஒப்பிடுங்கள்: பொருந்தாவிட்டால் குற்றம் கணக்கில். படத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிடுவதை மட்டும் நம்பினால், எந்தப் பக்கம் பிழை என்று தெரியாமல் நாள் ஓடிவிடும்.

எண்களைக் கோப்பில் எழுதினேன். ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு பொருந்தவில்லையே?

மேட்லாபின் சிஎஸ்விரைட் ஐந்து இலக்கத் துல்லியத்தோடு நிறுத்திவிடும். டிஎல்எம்ரைட்டில் துல்லியத்தை 17 இலக்கம் என்று கேட்டு எழுதுங்கள். இரட்டைத் துல்லிய எண் ஒன்று எழுத்தாகி மீண்டும் அதே எண்ணாகத் திரும்ப 17 இலக்கம் போதும். மேட்லாபின் சொந்த வடிவமான மேட் கோப்பாகச் சேமிப்பதானால் 7.3 வடிவத்தைத் தவிருங்கள். அது உள்ளே எச்டிஎஃப்5 என்ற வேறு வடிவம், சைபையின் (பைத்தானின் அறிவியல் கணக்கு லைப்ரரி) லோட்மேட் அதைத் திறக்காது. 7 என்ற வடிவம் திறக்கும்.

ஒப்பிட நம்பையின் ஆல்குளோஸ் போதும், ஆனால் அதன் இயல்பு அளவுகளைப் பாருங்கள்: சார்புப் பிழை 0.00001, தனிப் பிழை 0.00000001. உங்கள் எண்களே 10-இன் அடுக்கு −10 அளவில் இருந்தால் தனிப் பிழை அளவு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பூச்சியமும் உங்கள் விடையும் "சமம்" என்று வரும். அங்கே தனிப் பிழையை 0 ஆக்குங்கள்.

மேட்லாப் உரிமம் கையில் இல்லையென்றால், பெரும்பாலான பழைய ஸ்கிரிப்டுகளை ஆக்டேவில் (மேட்லாப் நிரலைப் புரிந்துகொள்ளும் இலவச மென்பொருள்) ஓட்டியே இந்த விடைத்தாளை எடுத்துவிடலாம்.

கட்டளைப் பெயர்கள் ஒன்றாகவே இருக்கின்றனவே. தேடி மாற்றினால் போதாதா?

மேட்பிளாட்லிப்பை ஜான் ஹன்டர் 2003-இல் வெளியிட்டபோது மேட்லாபின் வரைபடக் கட்டளைகளையே முன்மாதிரியாக வைத்தார்; பெயர் ஒற்றுமை அதனால் வந்தது. பெயர் ஒன்று, குணம் வேறு என்பதில்தான் சிக்கல். லின்ஸ்பேஸில் புள்ளி எண்ணிக்கை தராவிட்டால் மேட்லாப் 100 தரும், நம்பை 50 தரும். திட்ட விலக்கம் காணும் எஸ்டிடி மேட்லாபில் n−1 ஆல் வகுக்கும், நம்பையில் n ஆல் வகுக்கும் (n என்பது எண்களின் எண்ணிக்கை). பிழைப்பட்டைகள் சற்றே குட்டையாகிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். (டிடிஓஎஃப் = 1 என்று கொடுங்கள்.) ரவுண்ட்(2.5) மேட்லாபில் 3, நம்பையில் 2. ஹோல்ட் ஆன் இல்லாத மேட்லாப் நிரலில் அடுத்த பிளாட் முந்தையதை அழிக்கும். மேட்பிளாட்லிப்பில் மேலேயே சேர்ந்துகொண்டு போகும்.

பிழைச் செய்தி தரும் வரிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அவை தாமாகவே காட்டிக்கொடுக்கும். ஓடவும் செய்து, நம்பும்படியான தவறான படத்தையும் தரும் வரிகளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை அந்த ரகம்.

0:0.1:1 என்பதை அரேஞ்ச்(0, 1, 0.1) ஆக்கினேன். கடைசிப் புள்ளியைக் காணோம்.

மேட்லாப் இறுதி எண்ணையும் சேர்க்கும்: 11 புள்ளிகள். அரேஞ்ச் இறுதியைச் சேர்க்காது: 10 புள்ளிகள். முடிவை ஒரு படி நீட்டிவிட்டால் சரியாகும் என்று தோன்றும், அதுவும் நம்பத்தக்கதல்ல. அரேஞ்ச்(1, 1.3, 0.1) மூன்று புள்ளிகள் தர வேண்டியது, நான்கு தருகிறது, தசமப் பின்னம் இருமத்தில் சரியாக அடங்காததால் வரும் வினை. படி பின்னமாக இருந்தால் அரேஞ்சைத் தொடவே வேண்டாம். லின்ஸ்பேஸ்(0, 1, 11) என்று புள்ளிகளை எண்ணிச் சொல்லுங்கள்.

படி இடைவெளியைச் சரியாக வகுக்காதபோது இன்னொரு கவனம்: 0:0.3:1 என்பது 0.9-இல் நின்றுவிடும் நான்கு புள்ளிகள். அதை லின்ஸ்பேஸ்(0, 1, 4) ஆக்கினால் எல்லாப் புள்ளியும் இடம் மாறும். லின்ஸ்பேஸ்(0, 0.9, 4) என்பதே சரி.

குறியீட்டெண் 1-இலிருந்து 0-க்கு மாறுவதில் எது ஆபத்து?

எக்ஸ்(2:5) என்பது எக்ஸ்[1:5] ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆபத்து எக்ஸ்(ஐ−1) போன்ற இடங்களில். மேட்லாபில் குறியீட்டெண் 0 ஆனால் நிரல் நின்றுவிடும். பைத்தானில் எக்ஸ்[−1] என்பது கடைசி உறுப்பு. ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எடுத்துக் கொடுக்கும். வேறுபாட்டு முறையில் வகைக்கெழு வரையும் நிரலில் முதல் புள்ளி மட்டும் வானத்துக்கோ பாதாளத்துக்கோ பாய்ந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

கூடவே ஒன்று: நம்பையில் ஒய் = எக்ஸ் என்றால் நகல் அல்ல, அதே அரேக்கு இரண்டாம் பெயர். துண்டு எடுத்தாலும் அப்படியே. மேட்லாப் பழக்கத்தில் ஒய்யை வெட்டி ஒட்டினால் எக்ஸும் மாறிப்போகும். காப்பி என்று கேட்டு எடுங்கள்.

அடுக்கு, பெருக்கல், வகுத்தல் குறிகளில் எவை மொழிக்கு மொழி வேறுபடும்?

மேட்லாபின் .* .^ இரண்டும் நம்பையில் * மற்றும் ** ஆகும்; மேட்லாபின் வெறும் * மேட்ரிக்ஸ் பெருக்கல், அது நம்பையில் @ ஆகும். பைத்தானில் ^ என்பது பிட் அளவிலான எக்ஸ்ஓஆர். தசம அரேயில் பிழை வரும், முழு எண்ணில் வராது: 2^3 என்பதற்கு 1 என்று விடை சொல்லும்.

அடுக்கின் மேல் அடுக்கில் 2^3^2 என்பது மேட்லாபிலும் எக்செலிலும் 64. பைத்தான், ஆர், ஜூலியா, மேத்தமேட்டிகா நான்கிலும் 512. எக்செலில் =-2^2 என்று எழுதினால் 4 வரும், மற்ற மொழிகளில் −4. எக்செல் தாளிலிருந்து எடுத்த காஸ் வளைவு தலைகீழாக அல்லது வெடித்துக்கொண்டு வந்தால் காரணம் இதுதான். அடைப்புக்குறி போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

க்னூபிளாட்டிலும் சி மொழியிலும் 1/2 என்பது முழு எண் வகுத்தல், விடை 0. (1/2)*எக்ஸ் என்ற கோடு அச்சின் மேலேயே படுத்துவிடும். 1.0/2 என்று எழுதுங்கள்.

நம்பையில் முழு எண் அரே தரும் தொல்லை தனி ரகம். மேட்லாபில் சும்மா எழுதிய எண் எல்லாமே இரட்டைத் துல்லியம். நம்பையில் அரேஞ்ச்(11)**19 என்று போட்டுப் பாருங்கள்: 9 வரை ஒழுங்காக ஏறி, 10-இன் இடத்தில் எதிர்மறை எண் வரும், ஏனென்றால் 64 பிட் முழு எண் நிரம்பி வழிந்துவிட்டது. எச்சரிக்கைகூட வராது. அதே அரேயை −1 அடுக்குக்கு உயர்த்தினால் மட்டும் பிழைச் செய்தி வரும். தொடக்கத்திலேயே ஃப்ளோட் ஆக்கிவிடுவது நல்லது.

சார்புக்குள் இஃப் இருக்கிறது. அரேயைக் கொடுத்தால் பிழை வருகிறது.

அரேயை இஃப்பில் வைத்தால் உண்மையா பொய்யா என்று முடிவுசெய்ய முடியாது என்று நம்பை மறுத்துவிடும். மேட்லாப் மறுக்காது, எல்லா உறுப்பும் உண்மையானால்தான் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே பழைய நிரலே தவறாக வரைந்துகொண்டிருந்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்று: நம்பையின் வேர் (where) கட்டளை. அது இரண்டு கிளைகளையும் கணக்கிட்டபின் தேர்ந்தெடுக்கும் என்பதால், பூச்சியத்தால் வகுக்கும் கிளைக்கு எச்சரிக்கை வரும்; விடை சரியாகவே இருக்கும்.

சிலர் வெக்டரைஸ் வைத்துச் சுலபமாக முடிப்பார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. வெளிவரும் எண்ணின் வகையை அது முதல் விடையைப் பார்த்து முடிவுசெய்யும். எதிர்மறைக்கு 0, மற்றவற்றுக்கு வர்க்கமூலம் தரும் சார்பை −2 முதல் 2 வரை ஓட்டுங்கள். முதல் விடை 0, அது முழு எண்; ஆகவே எல்லா விடையும் முழு எண்ணாக வெட்டப்படும். வர்க்கமூல வளைவு வர வேண்டிய இடத்தில் படிக்கட்டு வரும். 0 என்பதை 0.0 ஆக்கினால் தீர்ந்தது.

வளைவின் இடது பாதியே வரவில்லை.

பெரும்பாலும் எதிர்மறை எண்ணின் மூலம் அல்லது மடக்கை. மேட்லாப் கலப்பெண் தந்து, வரையும்போது கற்பனைப் பகுதியை விட்டுவிட்டு மெய்ப்பகுதியை வரையும். நம்பை "எண் அல்ல" என்று வைத்துவிடும், அங்கே கோடு அறுந்துபோகும். பழைய படம் மெய்ப்பகுதியைத்தான் காட்டியது என்றால் உள்ளீட்டோடு 0j சேர்த்துக் கலப்பெண்ணாக்கி மெய்ப்பகுதியை எடுங்கள். (அந்த j ரோமன் எழுத்து, பைத்தானில் கற்பனை அலகின் குறி.)

கனமூலம் என்றால் கதை வேறு. −8-ஐ 1/3 அடுக்குக்கு உயர்த்தினால் மேட்லாபும் மேத்தமேட்டிகாவும் 1 + 1.732i என்ற முதன்மை மூலத்தைத் தரும், −2 அல்ல. −2 வேண்டுமானால் நம்பையில் சிபிஆர்டி, மேட்லாபில் என்த்ரூட், மேத்தமேட்டிகாவில் கியூப்ரூட்.

டேன் வளைவில் செங்குத்துக் கோடுகள் முளைக்கின்றன. மூல நிரலில் இல்லையே?

மேத்தமேட்டிகாவின் பிளாட், மேட்லாபின் எஃப்பிளாட் போன்றவை வளைவு நெளியும் இடத்தில் தாமே கூடுதல் புள்ளி எடுக்கும், முறிவுகளையும் கண்டுகொள்ளும். மேட்பிளாட்லிப் கொடுத்த புள்ளிகளை இணைப்பதோடு சரி. முறிவின் இடப்புறம் +500, வலப்புறம் −500 என்றால் இரண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடும். டேன் தன் கிளைகளில் எப்போதும் ஏறும் சார்பு. ஆகவே டிஃப் (அடுத்தடுத்த புள்ளிகளின் வித்தியாசம்) எதிர்மறையாகும் இடமெல்லாம் முறிவு. அந்த இடங்களில் ஒய்யை "எண் அல்ல" ஆக்கினால் கோடு அறும்.

நெளிவு அதிகமுள்ள சார்புகளுக்குப் புள்ளிகளை அங்கே நெருக்கமாக நீங்களே வைக்க வேண்டும். இயல்பாக க்னூபிளாட் 100 புள்ளி, லேடெக்கின் வரைபடத் தொகுப்பான பிஜிஎஃப்பிளாட்ஸ் 25 புள்ளி மட்டுமே எடுக்கும். கூர்மையான முகடு ஒன்று இரண்டு புள்ளிகளுக்கு நடுவே முழுதாக ஒளிந்துகொள்ளும்.

கான்டூர் (சம மதிப்புக் கோடுகள்) படம் கண்ணாடியில் பார்த்தது போல எக்ஸும் ஒய்யும் இடம் மாறி வருகிறது.

இந்த மாற்றத்தில் அதிகம் பேரை வீழ்த்துவது இதுதான். ஆரில் அவுட்டர்(எக்ஸ், ஒய், எஃப்) தரும் மேட்ரிக்ஸில் கிடைவரிசை எக்ஸுக்கு, நெடுவரிசை ஒய்க்கு. ஆரின் கான்டூர், இமேஜ், பெர்ஸ்ப் மூன்றும் அப்படியே எதிர்பார்க்கும். மேட்லாபிலும் மேட்பிளாட்லிப்பிலும் நேர் எதிர்: கிடைவரிசை ஒய். ஜூலியாவில் லைப்ரரிக்கு லைப்ரரி மாறும்: பிளாட்ஸ் மேட்லாப் பக்கம், மேக்கி எக்ஸை முதலில் வைக்கும் பக்கம்.

எக்ஸுக்கும் ஒய்க்கும் ஒரே எண்ணிக்கையில் புள்ளி வைத்தால் பிழைச் செய்தி வராது. சார்பும் எக்ஸ்² + ஒய்² போலச் சமச்சீராக இருந்தால் படத்திலும் தெரியாது. அதனால் சோதனைக்கு வேண்டுமென்றே கோணலான ஒன்றை எடுங்கள். எக்ஸ் = 0, 1, 2; ஒய் = 0, 1, 2, 3; இசட் = எக்ஸ் + 10ஒய். இப்போது இசட்டின் ஒவ்வொரு எண்ணும் தன் முகவரியைத் தானே சொல்லும்: பத்தாம் இடம் ஒய், ஒன்றாம் இடம் எக்ஸ். நம்பையில் மெஷ்கிரிட் வைத்துச் செய்தால் 4 கிடைவரிசை, 3 நெடுவரிசை. இசட்[3, 2] என்பது 32. ஆரில் 3 கிடைவரிசை, 4 நெடுவரிசை; இசட்[3, 4] என்பது 32. எந்த மொழிக்குப் போனாலும் முதலில் இந்தப் பன்னிரண்டு எண்ணை வரைந்து, 32 மேல் வலது மூலையில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் சார்பை வையுங்கள்.

ரீஷேப்பும் இதே குடும்பம். 1 முதல் 6 வரை 2×3 ஆக்கினால் மேட்லாப், ஆர், ஃபோர்ட்ரான் நெடுவரிசையாக நிரப்பும்: முதல் கிடைவரிசை 1, 3, 5. நம்பை 1, 2, 3 என்று நிரப்பும். ஆர்டர் = 'எஃப்' என்று கேட்டால் பழைய வழக்கத்துக்கு வரும்.

மேட்லாபின் இமேஜ்எஸ்சி படம் மேட்பிளாட்லிப்பின் இம்ஷோவில் அரைப் புள்ளி தள்ளி வருகிறது.

இமேஜ்எஸ்சிக்குக் கொடுக்கும் எக்ஸ், ஒய் என்பன முதல், கடைசிக் கட்டங்களின் நடுப்புள்ளி. இம்ஷோவின் எக்ஸ்டென்ட் என்பது வெளி விளிம்பு. 0 முதல் 10 வரை 11 கட்டங்கள் என்றால் எக்ஸ்டென்ட் −0.5 முதல் 10.5 வரை இருக்க வேண்டும். இரண்டும் இயல்பாகவே முதல் கிடைவரிசையை மேலே வைக்கும்; பழைய நிரலில் ஆக்சிஸ் எக்ஸ்ஒய் இருந்தால் ஆரிஜின் = 'லோயர்' சேருங்கள். இம்ஷோ கட்டங்களைச் சதுரமாகவே வைக்கும், அதைத் தளர்த்த ஆஸ்பெக்ட் = 'ஆட்டோ'.

பிகலர் இன்னொரு வகை: மேட்லாபில் அது கடைசிக் கிடைவரிசையையும் நெடுவரிசையையும் வரையாமலே விட்டுவிடும்.

முப்பரிமாணப் பரப்பு ஏன் இவ்வளவு மொத்தையாக, ஒரே நிறத்தில்?

மேட்பிளாட்லிப்பின் பிளாட் சர்ஃபேஸ் ஒவ்வொரு திசையிலும் அதிகபட்சம் 50 மாதிரிகளாகக் குறைத்துத்தான் வரையும். 200×200 கொடுத்தாலும் அப்படித்தான். ஆர்கவுன்ட், சிகவுன்ட் இரண்டையும் 200 ஆக்குங்கள், வேகம் குறையும். நிறத்துக்கு சிமேப் கொடுக்க வேண்டும்.

பார்வைக் கோணத்தில் உயரக் கோணம் ஒன்றே, திசைக் கோணம் 90 பாகை வேறு: மேட்லாபின் எண்ணிலிருந்து 90 கழித்தால் மேட்பிளாட்லிப்பின் எண். மேட்லாபின் இயல்பான −37.5 இங்கே −127.5 ஆகும்.

பைத்தானில் ஒரு கோடு கேட்டால் நூறு கோடு வருகிறது!

லோட்மேட் கொண்டுவரும் வெக்டர் 100×1 வடிவில் இருக்கும். அதிலிருந்து நீளம் 100 உள்ள சாதாரண அரேயைக் கழித்தால் நம்பை இரண்டையும் விரித்து 100×100 ஆக்கிவிடும். பிளாட் அதை நூறு நெடுவரிசை, நூறு கோடு என்று வரையும். படிக்கும்போதே ஸ்குவீஸ்_மீ = ட்ரூ கொடுங்கள்.

கோணம், மடக்கை, சிறப்புச் சார்புகளில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

பிஜிஎஃப்பிளாட்ஸில் சைன், கோசைன் இயல்பாகப் பாகையில் நடக்கும். ரேடியன் நிரலை அப்படியே ஒட்டினால் −5 முதல் 5 வரை சைன் வளைவு நேர்கோடாகத் தெரியும். எக்செல் தாளில் லாக் பத்தடிமானம், அதன் மேக்ரோ மொழியிலோ லாக் இயல் மடக்கை. மேட்லாப், நம்பை, ஆர், க்னூபிளாட்டிலும் இயல் மடக்கைதான். இரு உள்ளீட்டு ஆர்க்டேன் எக்செலிலும் மேத்தமேட்டிகாவிலும் எக்ஸை முதலில் கேட்கும், மற்றவை ஒய்யை முதலில். சிங்க் சார்பு மேட்லாபிலும் நம்பையிலும் பையால் அளவிடப்பட்டது, மேத்தமேட்டிகாவிலும் சிம்பையிலும் (பைத்தானின் குறியீட்டுக் கணித லைப்ரரி) அப்படியல்ல. நீள்வட்டத் தொகைக்கு சி++ கேட்பது கே. சைபை, மேட்லாப், மேத்தமேட்டிகா கேட்பது எம், அதாவது கேயின் வர்க்கம்.

பெயரை நம்பாமல், தெரிந்த ஒரு புள்ளியில் இரண்டு பக்கமும் ஓர் எண் எடுத்துப் பாருங்கள். 0, 1 இரண்டும் சோதனைப் புள்ளிக்கு லாயக்கில்லை. 0-உம் 1-உம் வர்க்கமானாலும் மாறாது. 0.7 எடுங்கள்.

அதே சீட் எண் (சமவாய்ப்பு எண்களைத் தொடங்கும் எண்) கொடுத்தும் இரைச்சல் வேறாக வருகிறது.

வரும். நம்பையின் புதிய டீஃபால்ட்_ஆர்என்ஜி வேறு சமவாய்ப்பு எண்ணாக்கி. இயல்நிலைப் பரவல் எண்களை உருவாக்கும் முறையும் மொழிக்கு மொழி வேறு. ஒப்பிடும் காலம் வரை பழைய இரைச்சலைக் கோப்பிலிருந்து படியுங்கள்.

பழைய படத்தைப் போலவே தோற்றம் வேண்டும்.

ஒப்பிடும் முன் அச்சு எல்லைகளையும் நிற எல்லைகளையும் இரண்டிலும் எண்ணாகவே கொடுத்துவிடுங்கள்; மேட்பிளாட்லிப் தானாக 5 சதவீத ஓரம் விடும். கோட்டுத் தடிமன் மேட்லாபில் 0.5 பாயின்ட், இங்கே 1.5. நிறவரிசை மேட்லாபில் 2014-இன் இரண்டாம் வெளியீட்டிலிருந்து பருலா, மேட்பிளாட்லிப்பில் 2.0-இலிருந்து விரிடிஸ், அதற்கு முன் இரண்டிலும் ஜெட். அச்சுக்குக் குறித்த அகலம் வேண்டுமென்றால், சேமிக்கும்போது பிபாக்ஸ்_இன்ச்சஸ் = 'டைட்' போடாதீர்கள்; அது ஓரத்தை வெட்டி அளவையே மாற்றிவிடும்.

ஏஐ கருவியிடம் கொடுத்து மாற்றலாமா?

தட்டச்சு வேலை மிச்சமாகும். ஆனால் மேலே சொன்ன சத்தமில்லாத பிழைகளில் பலவற்றை அதுவும் செய்யும், அதுவும் அழகான நிரலில். விடைத்தாள் கோப்பு கையில் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

அச்சுப் பெயர்களைத் தமிழில் வைத்தால் கட்டம் கட்டமாக வருகிறது.

மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துரு கொடுத்தாலும், எழுத்துகளைக் கோக்கும் வசதி இல்லாத பதிப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறும். 'கொ' உடைந்து நிற்கும். எஸ்விஜியாகச் சேமித்து, ஆர்சிபேராம்ஸில் (மேட்பிளாட்லிப்பின் அமைப்புப் பட்டியல்) எஸ்விஜி.ஃபான்ட்டைப் என்பதை 'நன்' ஆக்குங்கள். எழுத்து எழுத்தாகவே கோப்பில் இருக்கும், திறக்கும் உலாவி அதைச் சரியாகக் கோத்துக்கொள்ளும்.